சாய்வுதான் அடர்த்தி: நிறை–பருமன் வரைபடம் எதற்கு, எங்கே சறுக்கும்

அடர்த்தி என்றால் நிறையைப் பருமனால் வகுப்பது. பள்ளியில் ஏழாம் வகுப்பிலேயே இந்தச் சூத்திரம் வந்துவிடுகிறது. ஒரு தடவை எடை போட்டு, ஒரு தடவை அளவு பார்த்து, வகுத்தால் விடை வந்துவிடும். அப்புறம் எதற்கு ஐந்தாறு அளவு எடுத்து வரைபடத்தாளில் புள்ளி வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பல ரெக்கார்டு நோட்டுகளில் அந்த வரைபடம் வெறும் ஒப்புக்கு இருக்கிறது. அடர்த்தியை அட்டவணையில் வகுத்து எழுதிவிட்டு, மதிப்பெண்ணுக்காகப் பக்கத்தில் ஒரு கோடு.

அந்தக் கோட்டுக்கு வேறு வேலை உண்டு. வகுத்து வரும் விடை, அளவில் இருக்கும் பிழையைத் தனக்குள் மறைத்துக்கொள்ளும். கோடு காட்டிக்கொடுத்துவிடும். எப்படி என்று தண்ணீரை வைத்தே பார்க்கலாம்.

அளவு ஜாடியில் தண்ணீரின் மேற்பரப்பு தட்டையாக நிற்காது. சுவரை ஒட்டிக் கொஞ்சம் ஏறி, நடுவில் குழிந்திருக்கும். குழியின் அடிமட்டத்தைத்தான் படிக்க வேண்டும். ஓரத்தில் ஏறி நிற்கும் விளிம்பைப் படிக்கிறவர் ஒவ்வொரு தடவையும் அரை மி.லி. கூடுதலாகப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் அடர்த்தியை, கணக்கு எளிதாக இருக்க, 1.00 என்றே கொள்வோம். அவர் அட்டவணை இப்படி வரும் (படித்த பருமன் – நிறை – வகுத்த விடை):

10 மி.லி. – 9.5 கிராம் – 0.950
20 மி.லி. – 19.5 கிராம் – 0.975
30 மி.லி. – 29.5 கிராம் – 0.983
40 மி.லி. – 39.5 கிராம் – 0.988
50 மி.லி. – 49.5 கிராம் – 0.990

கடைசி நெடுவரிசையைக் கூட்டிச் சராசரி எடுத்தால் 0.977. அடர்த்தி கிட்டத்தட்ட 1 வந்துவிட்டது, பரவாயில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். இதே ஐந்து புள்ளிகளை வரைபடத்தில் வைத்துச் சாய்வு பாருங்கள். 10-இலிருந்து 50 வரை பருமன் 40 கூடுகிறது, நிறையும் 40 கூடுகிறது. சாய்வு சரியாக 1.00. கோடு மட்டும் ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல் நிறை அச்சை −0.5 கிராமில் வெட்டுகிறது. அடர்த்தியும் சரியாகக் கிடைத்தது, எவ்வளவு தப்பாகப் படித்தோம் என்பதும் கிடைத்தது. ஐந்து அளவிலும் ஒரே மாதிரி நுழைந்த பிழை சாய்வைத் தொடாமல் வெட்டுத்துண்டில், அதாவது கோடு அச்சை வெட்டும் இடத்தில், போய் உட்கார்ந்துகொள்கிறது. சராசரி எடுக்கிறவருக்கு இந்த வசதி கிடையாது.

அட்டவணையின் கடைசி நெடுவரிசையும் ஒரு குறிப்புத் தருகிறது. எண்கள் மேலும் கீழுமாகத் தாவினால் அது கை நடுக்கம், கண் தடுமாற்றம். மேலிருந்து கீழே ஒரே திசையில் ஊர்ந்துகொண்டே போனால் எல்லா அளவிலும் ஒட்டிக்கொண்ட நிலையான பிழை ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தவுடன் ஜாடியையோ தராசையோ சந்தேகப்பட வேண்டும்.

இதையே வேண்டுமென்றே பயன்படுத்தலாம். ஜாடியின் எடையைக் கழிக்காமலே விடுங்கள். தராசில் ‘டேர்’ பொத்தானைத் தொட வேண்டாம். 100 மி.லி. பிளாஸ்டிக் ஜாடியில் தேங்காய் எண்ணெய், 20 மி.லி.யாகக் கூட்டிக்கொண்டே போகிறோம். ஜாடியோடு சேர்த்து எடை இப்படி வருகிறது என்று கொள்வோம்: 20-இல் 64.6, 40-இல் 82.6, 60-இல் 101.5, 80-இல் 119.4, 100-இல் 138.1 கிராம். முதல் அளவை மட்டும் வகுத்தால் 3.23 என்று அபத்தமான விடை வரும். கோடு போட்டால் சாய்வு 0.92, அது எண்ணெயின் அடர்த்தி. கோட்டை இடது பக்கம் நீட்டினால் நிறை அச்சை 46 கிராமில் வெட்டும். அது காலி ஜாடியின் எடை. பிறகு ஜாடியைக் கழுவித் துடைத்துத் தராசில் வைத்துக் காட்டினால், வெட்டுத்துண்டு என்றால் என்ன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. என்னைக் கேட்டால், இந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு செய்முறைதான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் செய்ய வேண்டும்.

எண்ணெயில் கவனிக்க வேண்டியவை சில. எப்போதும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நூறிலிருந்து கொட்டிக் குறைத்துக்கொண்டு வந்தால் சுவரில் படிந்த எண்ணெய் எடையில் வரும், அளவில் வராது. அந்தப் படலம் வழிந்து இறங்கவும் நேரம் எடுக்கும். ஊற்றும்போது சுவரில் படாமல் நீண்ட காம்புள்ள புனல் வழியாக நடுவில் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் அடியில் கட்டி தெரிந்தால் வெந்நீரில் பாட்டிலை வைத்து முழுதும் உருக்கி, அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு எடுங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் 0.91, 0.92 என்று பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை. பள்ளித் தராசையும் ஜாடியையும் வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. கோடுகள் தெளிவாகப் பிரிய வேண்டும் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரின் எடுங்கள். அது 1.26. இல்லாவிட்டால் நிறைவுற்ற உப்புக் கரைசல், 1.20. நூறு மி.லி. தண்ணீருக்கு 36 கிராம் உப்புதான் கரையும். 40 கிராம் போட்டுக் கலக்கி, தெளிந்த பிறகு மேலாக இறுத்துக்கொள்ளுங்கள்.

உப்பில் ஒரு பொறி இருக்கிறது. கரைசலைத் தனியாகத் தயாரித்து வைத்துக்கொண்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஜாடியில் ஊற்ற வேண்டும். சிலர் ஜாடியில் நூறு மி.லி. தண்ணீரை வைத்துக்கொண்டு அதிலேயே பத்துப் பத்துக் கிராமாக உப்பைப் போட்டு எடையும் அளவும் எடுப்பார்கள் (அதற்கு 250 மி.லி. ஜாடி வேண்டும்). புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் வந்தும் தொலைக்கும். ஆனால் அந்தச் சாய்வு 3-க்கும் 2.7-க்கும் நடுவே எங்கேயோ நிற்கும். அது கரைசலின் அடர்த்தியும் இல்லை, உப்புக்கல்லின் அடர்த்தியும் இல்லை, கல்லுக்கு 2.16. கரையும்போது உப்பு தன் முழுப் பருமனையும் தண்ணீரில் சேர்ப்பதில்லை, அதனால் வரும் எண் இது. சாய்வை அடர்த்தி என்று சொல்ல வேண்டுமானால் கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் அதே பொருள் இருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு புள்ளியிலும் வேறு கரைசல்.

பொருள் நடுவில் மாறினால் கோடு எப்படி இருக்கும் என்பதையும் காட்டிவிடலாம். ஜாடியில் முதலில் 40 மி.லி. உப்புக் கரைசல், பத்துப் பத்தாக. அதன் மேல் தேங்காய் எண்ணெய், 100 வரை. 46 கிராம் ஜாடி என்றால் 40-இல் 94 கிராம், 100-இல் ஏறத்தாழ 149 கிராம். 40-ஆம் கோட்டில் வரைபடம் மடிந்து, அதன் பிறகு படுத்த சாய்வில் போகும். அளவுகோலை முதல் பகுதியோடு பொருத்தி வைத்தால் எண்ணெய்ப் புள்ளிகள் எல்லாம் அதன் கீழே விலகி நிற்பது தெரியும். தண்ணீரும் எண்ணெயுமாக இதைச் செய்யாதீர்கள். 1.00-க்கும் 0.92-க்கும் உள்ள மடிப்பு கண்ணுக்குச் சட்டென்று புலப்படாது.

இனி திடப்பொருள். ஆணி, போல்ட் எல்லாம் வேண்டாம், துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். கையில் இருப்பதிலேயே ஒழுங்கான பொருள் ஒரு ரூபாய் நாணயம். 2011 வரிசை நாணயம் ஒன்று 3.79 கிராம், விட்டம் கிட்டத்தட்ட 22 மி.மீ., பெர்ரிட்டிக் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அந்த எஃகின் அடர்த்தி 7.7-ஐ ஒட்டியது. அப்படியானால் ஒரு நாணயத்தின் பருமன் அரை மி.லி.கூட முழுதாக இல்லை. ஒரு மி.லி. கோடுள்ள ஜாடியில் ஒற்றை நாணயத்தைப் போட்டு அளப்பதில் அர்த்தமே இல்லை. பத்துப் பத்தாகப் போட வேண்டும்.

50 மி.லி. தண்ணீர், அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், நுரை வராமல் மெல்லக் கலக்கியது. சோப்பு இல்லாவிட்டால் நாணயங்களுக்கு நடுவே காற்றுக்குமிழி சிக்கிக்கொண்டு பருமனைக் கூட்டிக் காட்டும், அடர்த்தி குறைந்து வரும். ஜாடியைச் சாய்த்துப் பிடித்து நாணயத்தைச் சுவரோடு சறுக்கவிடுங்கள். நேராகப் போட்டால் கண்ணாடி ஜாடியின் அடி விரிசல் விடும், தண்ணீரும் தெறிக்கும். பத்து போட்டவுடன் ஜாடியை மேசையில் லேசாகத் தட்டிக் குமிழிகளை வெளியேற்றிவிட்டுப் படியுங்கள்.

எடைகள் 37.9, 75.8, 113.7, 151.6, 189.5 என்று போகும். நீர்மட்டம் ஏறத்தாழ ஐந்து ஐந்தாக ஏறி ஐம்பது நாணயத்தில் 74.5-ஐ ஒட்டி நிற்கும். முதல் பத்தை மட்டும் வைத்து வகுத்தால் என்ன ஆகும் பாருங்கள். ஏற்றம் 4.9 மி.லி. என்பதை 4.5 என்று படித்தால் அடர்த்தி 8.4, அதாவது பித்தளை. 5.5 என்று படித்தால் 6.9. அதே அரை மி.லி. தடுமாற்றம் ஐம்பது நாணயத்தின் 24.6 மி.லி.யில் வந்தால் 2 சதவீதம்தான், விடை 7.5-க்கும் 7.9-க்கும் இடையில் அடங்கிவிடும். கோட்டின் நீளம்தான் துல்லியம். நெருக்கமான இரண்டு புள்ளிகளை எடுத்துச் சாய்வு கண்டால் ஐம்பது நாணயம் போட்ட உழைப்பு வீண். அதே சமயம், 7.7 வந்ததை வைத்து இது இரும்பு இல்லை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் என்று சொல்ல முடியாது. இரும்பு 7.87. இந்த ஜாடிக்கு அவ்வளவு கூர்மை கிடையாது.

கிடை அச்சில் ஏற்றத்தைக் கணக்கிட்டுப் போட வேண்டும் என்றுகூட இல்லை. ஜாடி காட்டும் நீர்மட்டத்தை அப்படியே போடுங்கள். கோடு கிடை அச்சை 50-இல் வெட்டும். ஆரம்பத் தண்ணீரை 50 என்று நினைத்துக்கொண்டு உண்மையில் 51 ஊற்றியிருந்தால் 51-இல் வெட்டும், சாய்வு மாறாது.

இந்த நாணய வேலையில் எனக்குப் பிடித்த பகுதி, பழையதையும் புதியதையும் கலப்பது. 1990-களில் வந்த பெரிய ஒரு ரூபாய் 4.85 கிராம், 25 மி.மீ.; அதுவும் அதே வகை எஃகு. பத்துப் பெரிய நாணயம் போட்டால் எடை 48.5, பருமன் 6.3. எடையும் மாறிவிட்டது, அளவும் மாறிவிட்டது, ஆனாலும் புள்ளி அதே கோட்டின் மேலேதான் போய் விழும். பெரியதானால் அடர்த்தி கூடுமா என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. (25 மி.மீ. நாணயம் சில ஜாடிகளில் குறுக்காக மாட்டிக்கொள்ளும். முதலில் காலி ஜாடியில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.)

ஐந்து ரூபாயில் இதைச் செய்தால் கதை வேறு. 9 கிராம் எடையுள்ள பழைய தாமிர-நிக்கல் நாணயம், 6 கிராம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மஞ்சளாக இருக்கும் 6 கிராம் நிக்கல் பித்தளை என்று மூன்று வகை புழங்குகின்றன. கலந்து போட்டால் புள்ளிகள் ஒரு கோட்டில் நிற்காது. முதலில் காந்தம் வைத்துப் பிரியுங்கள்: எஃகு ஒட்டும், மற்ற இரண்டும் ஒட்டாது. அந்த இரண்டை நிறத்தாலும் எடையாலும் பிரித்துவிடலாம். பிறகு ஒரே தாளில் தனித்தனிக் கோடுகளாகப் போட்டால் எஃகு கீழேயும் மற்ற இரண்டும் அதற்கு மேலேயும் விரியும். எஃகு ஐந்தும் பித்தளை ஐந்தும் ஒரே எடை, வேறு பருமன் என்பதும் அங்கே தெரியும்.

ஒரே தாளில் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எந்தக் கோடு அதிகம் நிமிர்ந்திருக்கிறதோ அது அடர்த்தி கூடியது என்று கண்ணால் சொல்வது அளவுத்திட்டம் ஒன்றாக இருந்தால்தான் செல்லும். தனித்தனித் தாளில், தனித்தனி அளவுத்திட்டத்தில் போட்டால் எண்ணெய்க் கோடு எஃகுக் கோட்டைவிடச் செங்குத்தாக நிற்க முடியும். இதே காரணத்தால்தான் சாய்வை ஸ்கேல் வைத்துச் சென்டிமீட்டரில் அளந்து வகுக்கக் கூடாது. அச்சில் எழுதியிருக்கும் கிராமையும் மி.லி.யையும் படித்து வகுக்க வேண்டும்.

வரைவதில் வழக்கமாக நடக்கும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்துப் படிக்கட்டு மாதிரி ஆக்குவது முதல் தவறு. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து, புள்ளிகள் இருபுறமும் சமமாகப் பிரியும்படி ஒரே நேர்கோடு போட வேண்டும். சாய்வுக்கு அட்டவணைப் புள்ளிகளை எடுக்காமல், கோட்டின் மேலேயே தொலைவில் இருக்கும் இரண்டு இடங்களை எடுங்கள். மேலே சொன்ன எண்ணெயில் 10 மி.லி.க்கு 55.2, 90 மி.லி.க்கு 128.8 என்று கோட்டிலிருந்து படித்தால் 73.6-ஐ 80-ஆல் வகுத்து 0.92 வரும். ஒரு பெரிய கட்டத்துக்கு 3, 7 என்று அளவுத்திட்டம் வைத்தால் நடுப்புள்ளிகளை வைக்கும்போது தப்பு வரும். 2, 5, 10 போதும். வெட்டுத்துண்டு பார்க்க வேண்டுமானால் கிடை அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். நிறையைக் கிடையிலும் பருமனைச் செங்குத்திலும் போட்டுவிட்டால் சாய்வு அடர்த்தியின் தலைகீழாக வரும். தண்ணீருக்கு அது தெரியவே தெரியாது, எஃகுக்கு 0.13 என்று வரும்போது விழிப்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கோட்டை வலுக்கட்டாயமாக ஆதிப்புள்ளி வழியாக இழுப்பது. பொருள் இல்லாவிட்டால் நிறையும் இல்லை, பருமனும் இல்லை, ஆகவே கோடு அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்று ஆசிரியர்களே சொல்லிக்கொடுப்பதுண்டு. பொருளைப் பொறுத்தவரை அது உண்மை. கருவிகளைப் பொறுத்தவரை உண்மை இல்லை. கோடு எங்கே போக விரும்புகிறதோ அங்கே போகவிட்டு, ஆதிப்புள்ளியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைக் குறித்துக்கொண்டால்தான் கருவியின் குணம் தெரியும்.

தராசைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவு எலக்ட்ரானிக் தராசுகள் பூஜ்யத்தைத் தாமாகவே திருத்திக்கொள்ளும். காலி ஜாடியை வைத்து ‘டேர்’ அழுத்திவிட்டுச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால், முதல் சில சொட்டுகளைத் தராசு கணக்கிலேயே எடுக்காமல் 0.0 என்று காட்டிக்கொண்டிருக்கும். ஜாடியைத் தராசிலிருந்து எடுத்து, ஊற்றிவிட்டு, திரும்ப வைத்து எடை பார்ப்பது நல்லது. மின்விசிறியை நிறுத்துங்கள். ஒரு கிராம் நுணுக்கமுள்ள சமையலறைத் தராசு நாணயத்துக்குப் போதும், 10 மி.லி. எண்ணெய்க்குப் போதாது.

மணலையும் அரிசியையும் தவிர்ப்பது நல்லது என்பார்கள். இரண்டு வகை அடர்த்தி உண்டு என்று காட்ட மணல்தான் சரி என்பது என் எண்ணம். உலர்ந்த மணல் 50 மி.லி. ஜாடியில் ஏறத்தாழ 80 கிராம் நிற்கும். அந்தக் கோட்டின் சாய்வு 1.6. அதே மணலை 50 மி.லி. தண்ணீரில் கொட்டினால் மட்டம் 100-க்குப் போகாமல் 80-ஐ ஒட்டி நின்றுவிடும். மணிகளின் நடுவே இருந்த காற்றின் இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. இந்த முறையில் சாய்வு 2.6 பக்கம் வரும், அது மணல் மணியின் அடர்த்தி. இன்னொன்று: மணலில் நாலைந்து சதவீத ஈரம் சேர்ந்தால் மணிகள் ஒன்றையொன்று தள்ளி நின்று மொத்தப் பருமன் கால் பங்குவரைகூட உப்பிவிடும். எடை கொஞ்சம்தான் கூடியது, இடம் நிறையக் கூடியது. வரைபடத்தில் புள்ளி வலது பக்கம் ஓடிவிடும். மணலையும் எம்-சாண்டையும் யூனிட் கணக்கில், அதாவது நூறு கன அடிக்கு விலை பேசி வாங்குகிறவர்கள் இந்தப் புள்ளி எங்கே போகிறது என்று பார்த்துவைத்திருப்பது லாபம்.

வரைபடத்தாலும் பிடிக்க முடியாத பிழை ஒன்று இருக்கிறது. ஜாடியில் அச்சிட்ட கோடுகளே விகிதத்தில் தப்பாக இருந்தால், அதாவது 100 என்று காட்டும் இடத்தில் உண்மையில் 98.5 மி.லி. இருந்தால், பிழை ஒவ்வொரு புள்ளியிலும் அந்த அளவுக்கேற்பப் பெருகும். கோடு அழகாக நேராகவே இருக்கும், வெட்டுத்துண்டும் சரியாக வரும், சாய்வு மட்டும் தப்பு. 100 மி.லி. ‘பி’ வகுப்புக் கண்ணாடி ஜாடிக்கு ஒரு மி.லி. வரை விலகல் அனுமதி உண்டு. முத்திரை எதுவும் இல்லாத பிளாஸ்டிக் ஜாடி அதற்கும் கட்டுப்படாது.

பரிகாரம் சுலபம். எந்தத் திரவத்தை அளப்பதானாலும் அதே ஜாடியில், அதே தராசில் முதலில் தண்ணீருக்கு ஒரு கோடு போடுங்கள். 30 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி 0.996. உங்கள் தண்ணீர்க் கோட்டின் சாய்வு 0.98 என்றும், எண்ணெய்க் கோட்டின் சாய்வு 0.905 என்றும் வந்தால், 0.905-ஐ 0.98-ஆல் வகுத்து 0.996-ஆல் பெருக்குங்கள்: 0.92. ஜாடியின் தப்பு இரண்டு சாய்விலும் இருப்பதால் வகுக்கும்போது அடிபட்டுப் போகிறது. தண்ணீரை முதலில் முடித்துவிட்டு, ஜாடியை நன்றாக உலர்த்திய பிறகே எண்ணெய்க்குப் போங்கள். எண்ணெய் பட்ட ஜாடியில் தண்ணீர் ஊற்றினால் சுவரில் ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கும், பிறைதளத்தின், அதாவது குழிந்த மேற்பரப்பின், வடிவமும் மாறிவிடும். அதைச் சோப்பும் வெந்நீரும் போட்டு இரண்டு தடவை கழுவினால்தான் திரும்பத் தண்ணீருக்குப் பயன்படுத்த முடியும்.